அயலாரோடு வாழப் பழக்கும் கல்வி: தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வரலாறு தரும் பாடங்கள்

இன்றைய கல்லூரிகளின் அறிக்கைகளில் ‘உலகளாவிய திறன்’ என்னும் சொற்றொடர் அடிக்கடி காணப்படுகிறது. இளங்கலை பயிலும் மாணவர் தம் மொழி, சாதி, சமயம், நாடு ஆகிய எல்லைகளுக்கு அப்பாற்பட்ட மக்களோடு பழகவும், அவர்களுடைய வழக்கங்களை உணரவும், அவர்களோடு சேர்ந்து உழைக்கவும் பயிற்சி பெறவேண்டும் என்பதே இதன் கருத்து. மேனாடுகளில் இதற்கென எடுக்கப்பட்ட முயற்சிகள் பல. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டில் தன் மாணவர் எண்மரைப் பிரான்சுக்கு அனுப்பி, ஓராண்டுப் பாடத்தை அங்கே பயிலச் செய்தது. 1987இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின்கீழ் முதலாண்டிலேயே பதினொரு நாடுகளின் மாணவர் 3,244 பேர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயின்றனர்.

இத்தகைய வாய்ப்பு நம் மாணவருள் மிகச் சிலருக்கே கிட்டும். திருநெல்வேலிச் சீமையின் கல்லூரிகளில் பயிலும் பெரும்பாலோர் பேருந்தில் வந்து படித்து, மாலையில் தம் ஊருக்கே திரும்புகிறவர்கள். கடல் கடவாத மாணவருக்கு இத்திறன் எய்த வழியுண்டா? உண்டெனில் அது எவ்வாறு எய்தப்படும்? இவ்வினாக்களுக்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. அயல்நாட்டாரும் நம்மவரும் இருநூறு ஆண்டுகளாகக் கல்வியின் பொருட்டுக் கூடிய இடம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு. அதன் வரலாற்றில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இறையியல் கல்லூரிக்கு வரும் மாணவருள் மிகப் பலர் இளங்கலைப் படிப்பை முடித்த பின்னரே வருகின்றனர்; அங்கே அவர்கள் பழகிய பழக்கமே பின்னர் குருத்துவ ஊழியத்திலும் தொடர்கிறது. ஆகவே இவ்வாய்வு நமக்கும் உரியதே.

1. அறிவு ஒன்றே போதுமா?

அயலாரைப் பற்றி நிறையக் கற்றால் அவர்களோடு இசைந்து வாழும் தகுதி தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். பேராயர் ராபர்ட் கால்டுவெல்லின் வாழ்வு இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க உதவுகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர் 1841இல் இடையன்குடிக்கு வந்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் திருநெல்வேலிச் சீமையில் உழைத்தார். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும், 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாறும் நம்மைப் பற்றி நாமே அறியாதிருந்த பலவற்றை நமக்கு அறிவித்தன. தமிழின் தனித்தன்மையை உலகறியச் செய்த அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

எனினும் அவரே 1849இல் நாடார் சமூகத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். இங்கிலாந்திலுள்ள வாசகர்களுக்கு மிஷன் பணியின் களத்தை விளக்குவதே அதன் நோக்கம். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அம்மக்கள் ஒருநாள் தாமே படிப்பார்கள் என்னும் எண்ணம் அந்நூலின் நடையில் காணப்படவில்லை. ஆனால் மிஷன் பள்ளிகள் தம் வேலையைச் செய்தன. ஆங்கிலம் கற்ற ஒரு தலைமுறை எழுந்தது, அந்நூலைக் கையிலெடுத்தது, தம் முன்னோரின் பூர்வீகத்தையும் அறிவையும் இழித்துரைத்த பகுதிகளைக் கண்டு கொதித்தது. மறுப்பு நூல்களும் மனுக்களும் எழுந்தன. கால்டுவெல் அவர்களிடையே வாழ்ந்தார், அவர்களுக்காக உழைத்தார், அவர்கள் மொழியைப் பேசினார். ஆயினும் அந்நூலில் அவர்கள் ஆராயப்படும் பொருளாக நின்றார்களேயன்றி, எதிர்நின்று பதிலுரைக்கத்தக்க மனிதராக நிற்கவில்லை. அயலாரைப் பற்றிய அறிவு, அவர்கள் முன்னிலையில் அவர்களாலேயே திருத்தப்படும்வரை குறையுள்ளதே என்பதை இதனால் அறிகிறோம்.

2. ஒரே கூரையின்கீழ்

மாணவரையும் அயல்நாட்டு ஆசிரியரையும் ஒரே விடுதியில் வாழச் செய்தால் போதும் என்று கருதுவோரும் உளர். இதற்கு மறுமொழியாக அமைவது சென்னைத் தேனாம்பேட்டையில் இருந்த நியூயிங்டன் கல்லூரியின் கதை. வயது வராத சமீன்தாரர்களின் உடைமைகளைக் காத்துவந்த ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ என்னும் அரசாங்க அமைப்பு, அவ்விளைஞரை ஆங்கில முறையில் வளர்ப்பதற்காக அதனை நடத்தியது. ஆங்கில மொழி, ஆங்கில உடை, ஆங்கில விளையாட்டு, ஆங்கிலேய முதல்வரின் நேரடி மேற்பார்வை ஆகியவையே அக்கல்வியின் முறை. இருவேறு பண்பாட்டார் இரவும் பகலும் அருகருகே வாழ்ந்த இடம் அது.

1919ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓரிரவு அதன் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். அங்கே பயின்ற சிங்கம்பட்டி, கடம்பூர் சமீன்களைச் சேர்ந்த இளைஞர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. இரண்டும் அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்துச் சமீன்கள். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு விடுதலையில் முடிந்தது. கொலைக்குரிய காரணத்தைப் பற்றி அந்நாளில் பலவாறு பேசப்பட்டது. முதல்வர் தமிழரை இழித்துப் பேசினார் என்பதே அவற்றுள் பெரிதும் பரவியது. அக்கல்லூரியும் பின்னர் மூடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் ஆராயத்தக்கது கொலையாளி யார் என்பதன்று. ஆளும் இனத்தானுக்கும் ஆளப்படும் இனத்தானுக்கும் இடையே நிற்கும் உயர்வு தாழ்வைக் கல்விக்கூடம் தொடாமல் விட்டுவிட்டால், அருகாமை நட்பை வளர்க்காது என்பதே நாம் கருத்தில் கொள்ளவேண்டியது. தொலைவில் இருப்பவனின் இகழ்ச்சி காதில் மட்டும் விழும். ஒரே கூரையின்கீழ் இருப்பவனின் இகழ்ச்சியோ உணவு மேசையிலும் விளையாட்டு மைதானத்திலும் நாள்தோறும் குத்தும். மாணவர் அங்கே ஆங்கிலேயரின் நடையுடை பாவனைகளைக் கற்றனர். ஆங்கிலேயர் மாணவரிடம் கற்கவேண்டியது எதுவும் இருப்பதாக அக்கல்வியமைப்பு கருதவில்லை.

3. மாஞ்சோலை: உலகச் சந்தையின் ஒரு மூலை

சிங்கம்பட்டியின் பெயர் நம்மை மலைக்கு அழைத்துச் செல்கிறது. வழக்குச் செலவினால் சமீன் கடன்பட்டது என்றும், அக்கடனே மலைநிலத்தைக் குத்தகைக்கு விடச் செய்தது என்றும் அவ்வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1929இல் சிங்கம்பட்டி சமீன், மணிமுத்தாற்றுக்கு மேலே உள்ள 8,373 ஏக்கர் காட்டு நிலத்தை 99 ஆண்டுகளுக்குப் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்குக் குத்தகையாக அளித்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தோட்டக் குடியிருப்புகள் அந்நிலத்தில் எழுந்தன.

இந்நிறுவனத்தின் வரலாறு உலக வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. 1863இல் தோன்றி, பர்மாவின் தேக்குக் காடுகளில் வாணிகம் நடத்திய நிறுவனம் அது. மரக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாகக் கூறிப் பர்மிய அரசு 1885இல் அதன்மேல் தண்டம் விதித்தது. அதையே வாய்ப்பாகக் கொண்டு ஆங்கிலேயர் போர் தொடுத்தனர்; தீபா மன்னர் முடியிழந்தார். அந்நிறுவனமே அரை நூற்றாண்டுக்குள் தாமிரபரணியின் துணையாறு பாயும் மலையில் தேயிலை பயிரிட்டது. மலைச்சரிவில் கிள்ளிய கொழுந்து உலகச் சந்தைக்குச் சென்றது. அதனைக் கிள்ளியவர்கள் திருநெல்வேலிச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அழைத்து வரப்பட்ட ஏழை மக்கள். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி.

உலகத் தொடர்பு என்று பார்த்தால் சமவெளிக் கல்லூரிகளைவிட மாஞ்சோலைக்கு அது முன்பே வாய்த்தது. லயன் வீடுகளில் தமிழ்க் குடும்பமும் மலையாளக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்தன. மொழி கடந்து பழகும் திறனை அம்மக்கள் எந்தப் பாடத்திட்டமும் இன்றிப் பெற்றனர். ஆனால் அவர்களுடைய உழைப்பை வாங்கிய உலகம் அவர்களை அறிந்துகொள்ள முயலவில்லை. மலையடிவாரத்தில் இருந்த நாமும் முயலவில்லை.

1999ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள், தோட்டத் தொழிலாளரின் கூலி முதலிய கோரிக்கைகளை முன்வைத்துத் திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே காவலர் தடியடி நடத்தினர். ஆற்றுக்குள் விரட்டப்பட்டோருள் 17 பேர் உயிரிழந்தனர். தாயின் கையிலிருந்த குழந்தையும் அவர்களுள் ஒன்று. ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ எனப் பெருமை பேசப்படும் பாளையங்கோட்டை, அந்த ஆற்றின் அருகிலேயே இருக்கிறது. உலக வரைபடத்தில் எடின்பரோவைக் காட்டவல்ல கல்வி, ஒரே மாவட்டத்திலுள்ள மாஞ்சோலையை மாணவர் கண்முன் நிறுத்தியதா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு.

4. இரண்டு ஆசிரியர்களின் மாணவர்

இனி, இப்பள்ளத்தாக்கில் இத்திறன் மெய்யாகவே உருவான இடங்களைக் காண்போம். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் கல்லூரிக் கல்வி வேரூன்றியது. மிஷனெரிகளின் கல்லூரிகளும், ஊர்ப் பெருமக்கள் நிறுவிய இந்துக் கல்லூரியும் அக்காலத்தில் வளர்ந்தவை. இந்துக் கல்லூரியின் தொடக்க நாள்களில் அங்கே பணிபுரிந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. திருவனந்தபுரத்தில் மாணவராயிருந்தபோது ராபர்ட் ஹார்வி என்னும் ஆங்கிலேயப் பேராசிரியரிடம் மேனாட்டுத் தத்துவம் கற்றவர் அவர். தாமிரபரணிக் கரையிலுள்ள கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டு வேதாந்தமும் பயின்றார். 1891இல் அவர் வெளியிட்ட மனோன்மணீயம், லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றைத் தழுவியது. ஆயினும் அதன் உயிர் தமிழ் உயிர்.

இங்கே நாம் கருதத்தக்கது யாது? அவர் ஹார்வியை வியந்து தம் மரபைத் துறக்கவில்லை. தம் மரபைக் காக்க ஹார்வியை வெறுக்கவுமில்லை. இரு ஆசிரியரையும் ஒருங்கே வைத்துக்கொண்டு, ஒருவரிடம் கற்றதைக் கொண்டு மற்றவரிடம் கேள்வி கேட்டார். தன் வீட்டில் உறுதியாக நிற்பவனே அயல் வீட்டுக்குள் அச்சமின்றிச் செல்வான். பிற பண்பாட்டைக் கற்பதற்குத் தன் பண்பாட்டில் ஆழ்ந்த பயிற்சி தடையன்று, அதுவே முதற்படி.

5. வெள்ளாளன்விளையிலிருந்து தோர்ணக்கல்வரை

எல்லாவற்றுக்கும் மேலான சான்று வேதநாயகம் சாமுவேல் அசரியா. கால்டுவெல்லின் நூல் புண்படுத்திய அதே சமூகத்தில், 1874இல் வெள்ளாளன்விளையில், கிராமக் குருவானவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தார். வில்லியம் மில்லர் முதல்வராக விளங்கிய காலம் அது. மாணவரை உடனே மதம் மாற்றுவதைக் காட்டிலும், இந்து சமுதாயத்தின் சிந்தனையில் கிறிஸ்தவக் கருத்துகள் ஊடுருவச் செய்வதே தம் கல்லூரியின் பணி என்று மில்லர் கருதினார். ஆகவே அங்கே இந்து மாணவரே பெரும்பான்மையினர். சென்னை மாகாணத்தின் தமிழ், தெலுங்கு, மலையாள, கன்னடப் பகுதிகளிலிருந்து வந்தோர் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். பிற்காலத்தில் நாடறிந்த தலைவரான சேலத்துக் கே. டி. பால் அக்கல்லூரியில் படித்தவரே. கிறிஸ்தவர் மிகுந்த தேரிக்காட்டு ஊரிலிருந்து சென்ற இளைஞருக்கு, தாம் சிறுபான்மையினராக வாழும் அனுபவமே ஒரு பாடமாயிற்று.

இறுதித் தேர்வின்போது நோயுற்றமையால் அசரியா பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். எனினும் கல்லூரியில் தொடங்கிய கல்வி நிற்கவில்லை. 1895 முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராய்த் தென்னிந்திய நகரங்களின் மாணவரிடையே பணிசெய்தார். அமெரிக்கரான ஷெர்வுட் எடி அப்பணியில் அவருக்குத் தோழரானார். எடி தமிழ் கற்றார். இருவரும் சேர்ந்து பயணம் செய்தனர், சேர்ந்து திட்டமிட்டனர், கருத்து வேறுபட்டபோது வெளிப்படையாகப் பேசினர். நியூயிங்டனில் இல்லாதது இங்கே இருந்தது: இருவருள் எவரும் மற்றவரின் காப்பாளரல்லர்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர் தம் சொந்தப் பணத்தால், பாக்கு நீரிணைக்கு இப்பால் உள்ள தொண்டி வட்டாரத்துக்கு ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். நற்செய்தியைப் பெற்றவர்கள் என்றென்றும் பெறுவோராகவே இருக்கவேண்டியதில்லை என்பதை அவருக்குக் கற்பித்தது அத்தமிழர்களே. அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அச்சங்கம் தெலுங்கு நாட்டில், அந்நாளைய ஐதராபாத் நிசாமின் ஆட்சிப் பகுதியில், தன் பணியைத் தொடங்கியது. 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. 1907இல் டோக்கியோவில் கூடிய உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டிலும் அவர் பங்குகொண்டார்.

1910ஆம் ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. பேராளர் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களுள் ஆசிய நாட்டவர் இருபதுக்கும் குறைவு. அயல்நாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது பற்றிப் பேசுமாறு அசரியா கேட்டுக்கொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. கைகுலுக்குதல், நாற்காலி அளித்தல், விருந்துக்கு அழைத்தல் ஆகிய சிறு மரியாதைகளும் இந்திய ஊழியருக்குக் கிட்டாமையை அவர் எடுத்துரைத்தார்; அவற்றை அவற்றுக்காகவே தாம் கேட்கவில்லை, நட்பின் வெளிப்பாடாகவே கேட்பதாகக் கூறினார். இந்தியத் திருச்சபை மிஷனெரிகளின் தியாகத்தைப் பெற்றுக்கொண்டது, இனி அவர்களின் நட்பையும் வேண்டுகிறது என்பதே அவருடைய முறையீட்டின் சாரம். கூட்டத்தில் சிலர் மனம் புண்பட்டனர். ஆயினும் அவ்வுரை இன்றளவும் நினைக்கப்படுகிறது.

அவ்வுரையை ஆற்ற எத்தகைய திறன் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். அயல்மொழியில், அயல்நாட்டில், தம்மை வளர்த்தவர்களின் முன்னே, அவர்களுடைய குறையை, அவர்கள்மேல் கொண்ட அன்பு குன்றாமல் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. ஆங்கில அறிவு மட்டும் இதற்குப் போதாது. எதிர்த்துரைத்தாலும் முறியாத நட்பை அவர் முன்னரே சுவைத்திருந்தார். ஆகவே அதனை எல்லாருக்கும் கேட்டார்.

அவருடைய தேர்வு எடின்பரோவோடு முடியவில்லை. தமிழரான அவர் 1909இல் தோர்ணக்கல்லுக்குச் சென்று தெலுங்கு கற்கத் தொடங்கினார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தெலுங்கு மக்களிடையே அவரே இப்போது அயலார். வெள்ளையர் அமர்ந்த உயர்ந்த நாற்காலியில் தமிழர் அமரும் சோதனை அவர்முன் இருந்தது. மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் மக்களோடு அவர் வாழ்ந்தார். அவ்விரு சாதியாரும் தமக்குள் கொண்ட விலக்கையும் எதிர்த்தார். 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் கட்டடக் கலைகள் ஒன்றுகூடி நிற்கின்றன.

6. நம் முன் உள்ள பணி

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது: பிற பண்பாட்டாரோடு வாழும் தகுதி, சமமாக அமர்ந்து உண்ணவும், சேர்ந்து உழைக்கவும், எதிர்த்துரைக்கவும் இடமுள்ள உறவில் பிறக்கிறது. பயணமும் மொழியறிவும் அதற்குத் துணைசெய்யும். அதன் இடத்தை அவை நிரப்பமாட்டா. திருத்தூதர் பேதுரு யோப்பாவிலும் கொர்நேலியுவின் வீட்டிலும் கற்ற பாடத்தை அந்தியோகியாவில் உணவுப் பந்தியில் மறந்தார் என்றும், பவுல் அவரை நேருக்குநேர் கண்டித்தார் என்றும் கலாத்தியர் நிருபத்தால் அறிகிறோம். தரிசனம் கண்ட திருத்தூதருக்கே பந்தி சோதனையாயிற்று எனில், நம் மாணவரை நாம் எவ்வளவு கருத்தோடு பயிற்றவேண்டும்!

அசரியாவைப் போன்றோர் அரியர். அவர் கதையை எல்லாருக்கும் அளவுகோலாக்கலாகாது என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆனால் அவரை உருவாக்கிய சூழல்கள் அரியவையல்ல: சிறுபான்மையினராய் வாழ்ந்த சில ஆண்டுகள், வேற்றினத்து நண்பர் ஒருவர், அயலூர் மக்களிடம் கற்ற ஒரு பயணம், வயது வந்தபின் புதிதாகக் கற்ற ஒரு மொழி. இவற்றை எந்தக் கல்லூரியும் தன் மாணவருக்கு அமைத்துத் தரக்கூடும்.

மாஞ்சோலை இன்று இதனை அவசரமாக்குகிறது. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்துத் தொழிலாளரின் வேலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. தலைமுறை தலைமுறையாக லயன்களில் வாழ்ந்தோர் சமவெளிக்கு இறங்கவேண்டிய நிலை பிறந்தது. மக்கள் நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வழக்குகளை முடித்தபோது, தோட்டம் தொடர்ந்து நடப்பதற்கு வழி பிறக்கவில்லை. காட்டின் நலன், புலிகள் காப்பகத்தின் தேவை ஆகியன பற்றிய வாதங்கள் உள்ளன. அவற்றை இங்கே நாம் ஆராயவில்லை. ஆனால் அம்மக்களின் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் அமர்வர். நம் சபைகளின் கடைசி இருக்கைகளிலும் அமர்வர் என்பது உறுதி. மலையில் பிறந்து, இருமொழி கேட்டு வளர்ந்து, சொந்த ஊரென ஒன்று இல்லாமற்போன இம்மாணவரை நாம் இரங்கத்தக்கவராக மட்டும் ஏற்போமா? அல்லது, அயலாரோடு ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்வது எவ்வாறென அவர்களிடமிருந்து கற்போமா?

ஆகவே கல்லூரி ஆசிரியர்க்கும் விடுதிக் காப்பாளர்க்கும் ஆலோசகராயிருக்கும் குருமாருக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, விடுதி அறைகளைச் சாதியும் ஊரும் பார்த்து ஒதுக்கும் வழக்கம் எங்கிருப்பினும் ஒழியவேண்டும். இரண்டாவது, மாணவர் ஒவ்வொருவரும் அண்டை மாநில மொழி ஒன்றில் பேசும் அளவுக்காவது தேர்ச்சி பெறட்டும். மூன்றாவது, பிற மக்களைப் பற்றி மாணவர் எழுதும் கட்டுரையை அம்மக்களுள் ஒருவரே படித்துத் திருத்தும் முறை வரட்டும். கால்டுவெல்லின் நூலுக்கு வாய்க்காத நன்மை அதற்கு வாய்க்கும். நான்காவது, சேவைத் திட்டங்களில் மாணவர் கொடுப்போராக மட்டும் செல்லாமல், விருந்தினராகச் சென்று அம்மக்கள் இடுவதை உண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு வரட்டும்.

எடின்பரோவில் அசரியா மேனாட்டாரிடம் கேட்டதை இன்று நம்மிடம் கேட்கும் உரிமை மலையிலிருந்து இறங்கிய மக்களுக்கு உண்டு. அவர்களுக்கு நாம் தரும் விடையே, நம் கல்வி உலகத்துக்கு ஏற்றதா என்பதற்கும் விடையாகும்.